குளிர் கீழிருந்து வருகிறது

கார்த்திகை பிறந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் டென்ட் படங்கள் வரத் தொடங்கிவிடும். கொடைக்கானல் மேல்மலை, கொழுக்குமலை, ஊட்டி, மூணாறு என்று கிளம்புகிறார்கள். விடுமுறையும் கையில் காசும் உள்ளவர்கள் பனியில் நடக்க உத்தரகாண்டின் கேதார்காந்தா வரை போகிறார்கள். மலையைப் பார்க்க இளைஞர்கள் கிளம்புவது நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் ஒரே தவறு நடக்கிறது. டென்ட்டுக்கு ஐயாயிரம் செலவழிப்பார்கள். ஸ்லீப்பிங் பேக் வாங்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். கீழே விரிக்க மட்டும் வீட்டில் கிடந்த யோகா மேட்டைச் சுருட்டி எடுத்துக்கொள்வார்கள். சிலர் அதுவும் இல்லாமல், 'ஸ்லீப்பிங் பேக்தான் இருக்கிறதே' என்று வெறுங்கையோடு போவார்கள். இரவு இரண்டு மணிக்கு முதுகும் இடுப்பும் விறைத்துப்போய் எழுந்து உட்காருவார்கள்.

அடுத்து அவர்கள் செய்வதுதான் அச்சம் தருகிறது. சாயங்காலம் கோழி சுட்ட அடுப்பில் மிச்சமிருக்கும் கரிக்கங்கை டென்ட்டுக்குள் இழுத்து வைத்து ஜிப்பை மூடிக்கொள்கிறார்கள். காலையில் எழுந்தால் அது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஸ்லீப்பிங் மேட் வாங்குவதைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இதுதான். குளிர்மலையில் தரையில் படுப்பவருக்கு அது சொகுசுப் பொருள் அல்ல. அது சரியாக இருந்தால் நெருப்பைத் தேடும் தேவையே வராது.

உடம்பின் சூட்டைக் காற்று கொண்டுபோவது நமக்குத் தெரியும், உடனே போர்த்திக்கொள்கிறோம். தரை உறிஞ்சுவது மெதுவாக, இரவு முழுக்க நடப்பதால் தெரிவதில்லை. ஸ்லீப்பிங் பேக் சூடு காப்பது அதன் பஞ்சுக்குள் சிக்கி நிற்கும் காற்றால். நாம் மேலே படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறிவிடுகிறது. மேல்பக்கம் எவ்வளவு விலை உயர்ந்த பேக்காக இருந்தாலும் கீழ்ப்பக்கம் அது வெறும் இரண்டு துணி. மீன்காரர் தெர்மோகோல் பெட்டியில் குளிரை உள்ளே அடைத்து வைப்பதுபோல, மேட் நம் சூட்டை நம்மிடமே அடைத்து வைக்கிறது.

ஸ்லீப்பிங் பேக் அட்டையில் '5 டிகிரி', '0 டிகிரி' என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்பி வாங்குகிறீர்கள் அல்லவா? முறையான பரிசோதனையில் அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மையை அந்த பேக்குக்குள் வைத்து, அதை ஒரு காப்பு மேட்டின் மேல் படுக்க வைத்துத்தான் அளக்கிறார்கள். மேட் இல்லாவிட்டால் அட்டையில் உள்ள எண்ணுக்குப் பொருளே இல்லை. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. பேக்கை விற்கும்போது கீழே என்ன விரிப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

நம் ஊர் மலைகளில் அப்படி என்ன குளிர் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே, ஊட்டி 2,240 மீட்டர், கொழுக்குமலை ஏறக்குறைய 7,900 அடி. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் புல்வெளி வெளுத்து உறைபனி படிவதை ஆண்டுதோறும் செய்திகளில் பார்க்கிறோம். வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில், ஒரு பெட்டிக்குள் இருக்கும். மேகம் இல்லாத இரவில் புல்லின் மேற்பரப்பு அந்தக் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். கைபேசி 6 டிகிரி காட்டும்போது, டென்ட்டைச் சுற்றிய புல்லில் உறைபனி விழலாம். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய மண் காய்ந்த மண்ணைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் அது தாழ்வெப்பநிலை என்னும் மருத்துவ அவசரம். முதலில் கட்டுப்படுத்த முடியாத நடுக்கம். பிறகு பேச்சு குழறும், கை சொன்னபடி கேட்காது, நடை தள்ளாடும். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாதிக்கப்பட்டவரின் ஈரத் துணியை மாற்றி, முதலில் தரையிலிருந்து அவரைப் பிரிக்க வேண்டும். அவருக்குக் கீழே மேட், பை, சாக்கு என்று எது கிடைத்தாலும் போட்டு, பிறகு மேலே போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. சாராயம் கூடவே கூடாது. அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றும். 108-ஐ அழையுங்கள்.

இப்போது நெருப்பைப் பற்றி. கரி, விறகு, கேஸ் ஸ்டவ் எதையும் டென்ட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். மூடிய இடத்தில் அரைகுறையாக எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வரும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊரில் கேரளத்திலிருந்து போன எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, விடுதி அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுத் தூங்கி இறந்துபோனார்கள். அது அறை. டென்ட் அதைவிடச் சிறியது. 'புகை வராத கங்குதானே' என்று சொல்பவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்குத் தெரியும் புகை உங்களை எழுப்பி வெளியே துரத்தும். கங்கிலிருந்து வருவது எழுப்பாது.

ஆர் மதிப்பு: அட்டையில் தேட வேண்டிய ஒரே எண்

ஒரு மேட் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் ஆர் மதிப்பு. கூடினால் காப்பு கூடும். தடிமன், எடை, விலை, விளம்பரத்தில் இருக்கும் பனிமலைப் படம் எதுவும் இதற்கு ஈடல்ல.

முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு அளந்து எழுதிக்கொண்டிருந்தது. 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தர அளவுமுறை வந்தது. 35 டிகிரி சூடுள்ள தகட்டுக்கும் 5 டிகிரி குளிர் தகட்டுக்கும் நடுவே மேட்டை வைத்து, சூடான தகடு தன் சூட்டை இழக்காமல் இருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்ப்பார்கள். குறைவாகச் செலவானால் மேட் நன்றாகத் தடுக்கிறது. 2020 முதல் பெரிய நிறுவனங்கள் இந்த முறையில் அளந்த எண்ணையே போடுகின்றன. ஆகவே 'ஆர் மதிப்பு 4' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. அது ஏஎஸ்டிஎம் எஃப்3340 முறைப்படி அளந்ததா என்று கேளுங்கள். கேட்டால் கடைக்காரர் விழிப்பார். விழிக்கட்டும், எழுத்தில் கேளுங்கள். பின்னால் அந்த எழுத்துதான் உங்களுக்கு உதவும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வழக்கமாகப் போடப்படும் ஆர் எண் அமெரிக்க அலகில் இருக்கிறது. சில அட்டைகளில் சர்வதேச அலகில் 0.35 என்று சிறிய எண்ணாக இருக்கும். அதை 5.68-ஆல் பெருக்கினால் ஆர் 2 வரும்.

எவ்வளவு வேண்டும்? ஏற்காடு, கொல்லிமலை போல இரவு 10 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாத இடங்களுக்கு ஆர் 1 முதல் 2 போதும். கொடைக்கானல், ஊட்டி, கொழுக்குமலை, மூணாறில் டிசம்பர், ஜனவரியில் படுப்பதற்கு 3-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். உறைபனி விழும் வெட்டவெளியானால் 4. கேதார்காந்தா போன்ற பனித்தரைக்கு 5.5-க்கு மேல் தேவை. குளிரைச் சீக்கிரம் உணர்பவர்கள், ஒல்லியானவர்கள், வயதானவர்கள் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் பெரும்பாலும் அப்படிக் கூட்டித்தான் பரிந்துரைக்கிறார்கள்.

ஒரு மேட்டின் மேல் இன்னொன்றைப் போட்டால் ஆர் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம். காசு கொஞ்சமாக இருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான். ஆர் 2 உள்ள இரண்டு ஃபோம் மேட்டுகள் சேர்ந்தால் 4. பருமனாக இருக்கும், பையின் வெளியே கட்டித் தூக்க வேண்டும். ஆனால் ஓட்டை விழாது, வால்வு உடையாது, ஊதவும் வேண்டாம். ஜீப்பிலோ காரிலோ போய் இறங்குபவர்களுக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை.

வகைகள் மூன்று. மூடிய அறைகள் கொண்ட ஃபோம் மேட். தெர்மரெஸ்ட் நிறுவனத்தின் மடிப்பு மேட்டான இசட் லைட் சோல் இந்த ரகம், ஆர் 2.0. இரண்டாவது, வால்வைத் திறந்தால் உள்ளிருக்கும் ஸ்பாஞ்ச் விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும் ரகம். மூன்றாவது, ஊதிப் பயன்படுத்தும் ஏர் மேட். ஏமாற்றம் அதிகம் நடப்பது இந்த மூன்றாவதில்தான். உள்ளே பஞ்சோ வெப்பத்தைத் திருப்பும் படலங்களோ வைத்த ஏர் மேட் மிக நன்றாக வேலை செய்யும். அதே நிறுவனத்தின் நியோஏர் எக்ஸ்தெர்ம் என்எக்ஸ்டி ஆர் 7.3 வரை போகிறது. ஆனால் விலை இங்கே பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். உள்ளே எதுவும் இல்லாத வெறும் காற்றுப் பையோ, பார்க்க அதே மாதிரி இருக்கும், அதன் ஆர் மதிப்பு 1-ஐக்கூட எட்டாமல் போகலாம். உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உங்கள் சூட்டைத் தரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாலு அங்குலம் உயர்ந்து நிற்பதைப் பார்த்துச் சூடாக இருக்கும் என்று நம்பாதீர்கள். தடிமன் முதுகுக்குச் சுகம் தரும், சூட்டைத் தராது.

கடற்கரைக்கு விற்கும் அலுமினியத் தாள் ஒட்டிய மெல்லிய மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மைனஸ் 10 டிகிரி தாங்கும்' என்று எழுதி விற்கிறார்கள். பளபளக்கும் தாள் தன் முன்னே காற்று இடைவெளி இருந்தால்தான் வெப்பத்தைத் திருப்பும். முதுகோடு ஒட்டிக் கிடக்கும்போது அது தடுப்பது மிகக் குறைவு. கோரைப்பாயும் அப்படியே, ஈரத்தைக் கொஞ்சம் தடுக்குமே தவிர குளிரைத் தடுக்காது. ஒன்றுமே இல்லாத இக்கட்டில் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பி மேலே சாக்கு விரித்தால், அந்தத் தாளைவிட நன்றாகத் தூங்கலாம்.

முகாமில் கொடுப்பார்கள் என்று போனால்

பலரும் மேட் வாங்குவதில்லை, 'டென்ட் ஸ்டே' என்று முன்பதிவு செய்துவிட்டுப் போகிறார்கள். விளம்பரத்தில் டென்ட், இரவு உணவு, கேம்ப்ஃபயர், பாட்டு எல்லாம் இருக்கும். கீழே என்ன விரிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேளுங்கள், பணம் கட்டுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்: மேட் எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர், ஆர் மதிப்பு என்ன, ஆளுக்கு ஒன்றா, இரண்டு பேருக்கு ஒன்றா? பதில் வராவிட்டால் அதுவே பதில். அப்படியும் போவதானால் உங்கள் ஃபோம் மேட்டை நீங்களே கொண்டுபோங்கள்.

தமிழ்நாட்டில் முகாம் நடத்துபவர்களும் சாகசச் சுற்றுலா நடத்துபவர்களும் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்றின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த மாவட்டத்தின் சுற்றுலா அலுவலரிடம் கேட்கலாம். மாவட்டத் தலைநகரில் அலுவலகம் உண்டு. டென்ட் போடும் இடம் பட்டா நிலமா, வனப்பகுதியா என்பதையும் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் ஏற்பாடு செய்தவர் மலையிறங்கியிருப்பார், வழக்கு உங்கள் மேல் இருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் அத்தனை பேர் போனபிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறையே வந்தது. அனுமதியில்லாத டென்ட்டுகளை அதிகாரிகள் அவ்வப்போது போய்ப் பிரிப்பார்கள், செய்தி வரும், அடுத்த மாதம் அதே சரிவில் வேறு பெயரில் டென்ட் நிற்கும். சோதனை போகும் அலுவலர்கள் உள்ளே ஒருமுறை குனிந்து, தரையில் என்ன விரித்திருக்கிறது, அடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நன்றாக இருக்கும். பார்ப்பதாகத் தெரியவில்லை.

முகாம்காரர் சொன்னதைக் கொடுக்காவிட்டால் அது சேவைக் குறைபாடு. அங்கேயே மேட்டைப் படம் எடுங்கள், அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வேறு கேளுங்கள். வாய்ச்சண்டை போட்டு ஊருக்குத் திரும்பினால் கையில் ஒரு ஆதாரமும் இருக்காது. மாற்று கிடைக்காவிட்டால், வண்டி இருக்கிறது, ஊர் பக்கம் என்றால், இறங்கிப் போய் அறை எடுத்துத் தூங்குங்கள். கங்கை உள்ளே இழுக்காதீர்கள்.

பில், பெட்டி, படம்

வாங்கும்போதே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆன்லைனில் வாங்குகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பொருளின் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆர் மதிப்பு, 'மைனஸ் டிகிரி' வாசகம், அளவு, எடை, விற்பவரின் பெயர், தேதி எல்லாம் தெரிய வேண்டும். புகார் போனதும் அந்தப் பக்கம் மாறிவிடும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியைப் பிரிப்பதை ஒரே தொடராக வீடியோ எடுங்கள். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

அந்தப் பெட்டியில் இருக்க வேண்டியவை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், எண்ணிக்கை, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளில் எந்த நாடு என்றும் இருக்க வேண்டும். வெளிநாட்டு மேட்டுகள் பலவும் இந்த ஸ்டிக்கரே இல்லாமல் விற்கப்படுகின்றன. அப்படி வாங்கினால், நிறுவனத்தின் வாரண்டியும் கிடைக்காது, பொறுப்பேற்க ஆளும் கிடைக்காது. தமிழ்நாட்டில் இந்த விதிகளை அமலாக்குவது தொழிலாளர் துறை. மாவட்டத் தலைநகரில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில், பெட்டியின் நான்கு பக்கப் படங்களையும் பில் நகலையும் வைத்து ஒரு பக்கத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். 'விட்டுட்டுப் போங்க, பார்க்கிறோம்' என்பார்கள். முத்திரை வாங்குங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். 'பில் வேண்டாம்னா முந்நூறு குறைச்சுக்கலாம்' என்று சொல்லும் கடைக்காரர் உங்கள் உரிமையை முந்நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் போட்ட காலத்துக்குள் திரும்பப் பெற வேண்டும். காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்களுக்குள். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்த 30 நாள் கணக்கு முக்கியம், ஏனென்றால் நம்மவர்கள் மேட்டைத் தள்ளுபடி விற்பனையில் அக்டோபரில் வாங்கி, பிரிக்காமல் பரண்மேல் போட்டு, ஜனவரியில் மலைமேல்தான் முதன்முதலாக ஊதுகிறார்கள். பொருள் வந்த அன்றே பிரியுங்கள். ஊதி, மேலே ஓர் ஆள் படுத்து, ஓர் இரவு வீட்டுத் தரையில் விடுங்கள். இரவு வெப்பநிலை குறையும்போது கொஞ்சம் தளர்வது இயல்பு. காலையில் இடுப்பு தரையைத் தொட்டால் ஓட்டை இருக்கிறது. வால்விலும் விளிம்பு ஒட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடத்தைப் படம் எடுங்கள். டேப்பை வைத்து நீளம், அகலம் அளந்து பாருங்கள். 'தானே விரியும்' என்று விற்ற மேட் விரிகிறதா என்று வால்வைத் திறந்து வைத்துப் பாருங்கள். முழு இறுக்கமாக ஊதி வெயிலில் போடாதீர்கள்; ஒட்டு பிரிந்துவிடும், பிறகு நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள்.

குறை இருந்தால் முதல் கடிதம் விற்றவருக்கு. ஆன்லைன் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசும் எந்திரத்தோடு மல்லாடாதீர்கள். குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. அந்த வரியைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

ஆர் மதிப்பு பொய் என்று எப்படி நிரூபிப்பது? வீட்டில் அளக்க முடியாது. ஆகவே, 'ஏஎஸ்டிஎம் எஃப்3340 முறைப்படி நடந்த பரிசோதனை அறிக்கையின் நகலை 15 நாட்களுக்குள் அனுப்புங்கள்' என்று எழுதிக் கேளுங்கள். அனுப்பினால் நல்லது. அனுப்பாவிட்டால், கேட்டும் தரவில்லை என்பது உங்கள் கோப்பில் சேர்கிறது. தேவையானால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு, கட்டணத்தை நீங்கள் முதலில் கட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் என் யோசனை, ஆர் மதிப்பை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். காற்றுக் கசிவு, அளவு குறைவு, பெட்டியில் கட்டாய விவரம் இல்லாதது போன்ற கண்ணால் பார்க்கக்கூடிய குறைகளை முன்னால் வையுங்கள்.

விற்றவர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். இணையதளத்திலும் செயலியிலும் பதியலாம். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது வழக்கல்ல, அவர்கள் நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்வார்கள், பல நேரம் பணம் திரும்ப வந்துவிடும். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். நிறுவனம் 'எங்கள் கொள்கைப்படி திரும்பப் பெற முடியாது' என்று ஒரு வரி பதில் போட்டதும் புகார் முடிந்ததாக மூடப்படுவது உண்டு. குறைந்தபட்சம் அந்தப் பதிலைப் படித்துப் பார்த்தாவது மூடலாமே. மூடிவிட்டார்கள் என்பதால் உங்கள் உரிமை முடிந்துவிடவில்லை. அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அந்த வசதியைத் தருகிறது. 'வழக்குகள் அனைத்தும் இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டவை' என்று பில்லில் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் கணக்குத் தொடங்கி வீட்டிலிருந்தே பதியலாம், நேரில் போயும் கொடுக்கலாம்.

கோப்பை இந்த வரிசையில் அடுக்குங்கள்: பொருளடக்கம், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்ற பட்டியல், மனு, அதில் உள்ளது உண்மை என்று கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், பில், பணம் கட்டிய சான்று, பொருள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் படங்கள், கசிவின் படங்கள், விற்றவருக்கு எழுதிய மின்னஞ்சலும் பதிலும், 1915 பதிவு, உங்கள் அடையாள அட்டை நகல். ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவையும் சான்றாக வைக்கும்போது, பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க இடம் இருக்காது. மனு போடுவதற்கு முன் விற்றவருக்கு ஓர் அறிவிப்பை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அஞ்சல் ரசீதையும் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பாக யாரைப் போடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பில்லில் இருக்கும் விற்பனையாளர் முதலாவது. ஆன்லைன் தளம் இரண்டாவது. பெட்டியில் பெயர் இருந்தால் இறக்குமதியாளர் மூன்றாவது. தளத்தை மட்டும் போட்டால், 'நாங்கள் விற்கவில்லை, இடம்தான் கொடுத்தோம்' என்று கைகழுவுவார்கள்.

என்ன கேட்கிறீர்கள் என்பதை மனுவின் கடைசியில் தெளிவாக எழுதுங்கள்: விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு, வழக்குச் செலவு. குளிரில் விறைத்து மருத்துவமனைக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டும் பில்லும் வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் மேட்டுக்கு ஐந்து லட்சம் கேட்டு எழுதினால் உங்கள் மனுவின் மதிப்புதான் குறையும். பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கை எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போவது எல்லோரும் அறிந்தது. அதற்காக விட்டுவிட்டால் அடுத்த டிசம்பரிலும் அதே 'மைனஸ் 10' மேட் அதே விலைக்கு விற்கும்.

பொய்யான விளம்பரம் உங்கள் ஒருவரை மட்டும் ஏமாற்றவில்லை, பலரையும் ஏமாற்றுகிறது என்று தெரிந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ புகார் அனுப்பலாம். மத்திய ஆணையம் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லலாம், பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் போடலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பணம் திரும்பக் கிடைக்க இந்த மனு போதாது. அதற்கு மாவட்ட ஆணையம்தான்.

மாவட்ட ஆணையத்தில் மனு போட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. வழக்கு முடியும்வரை அந்த மேட்டை ஒட்டுப் போட்டுப் பயன்படுத்தாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். பெட்டியோடு, பில்லோடு, ஊதாமல் சுருட்டி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஆணையம் கேட்கும் நாளில் அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும்.